சம்பத் வீட்டு உப்பு

சித்த மருத்துவப் பட்டம் வாங்கிக்கொண்டு புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் காதில் இனிமேல் அதிகமாக விழப்போகும் சொல் எது தெரியுமா? 'இயற்கை'. 'இயற்கையா ஏதாச்சும் குடுங்கம்மா, பக்க விளைவு இல்லாததா' என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். அரளி விதையும் இயற்கையாகத்தான் விளைகிறது என்று நான் பதில் சொல்வேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

நான் வேலை பார்த்தது ஆரணியில், பட்டு வியாபாரிகள் சிலர் புண்ணியத்துக்காக நடத்திவந்த ஒரு சின்ன மருத்துவமனையில். இங்கிலீஷ் வைத்தியத்துக்கு ஓர் அறை, சித்த வைத்தியத்துக்கு ஓர் அறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர். பக்கத்து அறை டாக்டர் என் அறையைக் 'கஷாயக் கடை' என்பார். நான் அவருடையதை 'மாத்திரை மண்டி' என்பேன். நோயாளிகளிடம் மட்டும் இதைச் சொல்லிக்கொள்வோமே தவிர, நேரில் பார்த்தால் வணக்கம் வைக்கும் அளவுக்கு நாங்கள் நாகரிகமானவர்கள்.

தொண்ணூறுகளில் அந்த ஊரில் ரத்த அழுத்தம் என்பது கொஞ்சம் கௌரவமான வியாதி. தறி வைத்திருப்பவர், கடை வைத்திருப்பவர், மாப்பிள்ளை வீட்டாரைச் சமாளிப்பவர் என்று பொறுப்பில் இருப்பவர்களுக்கு வருவது. வந்தவுடன் ஊரே ஆளுக்கொரு பண்டத்தை எடுத்துக்கொண்டு ஓடி வரும். பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, செம்பருத்திப் பூ. எல்லாமே நல்ல பண்டங்கள்தான். எனக்கு ஒன்றோடும் பகையில்லை. ஒரு ஜவுளிக்காரர் தினமும் காலையில் வாழைத்தண்டுச் சாறு குடித்துவிட்டு, அதன் துவர்ப்புப் போக மசால் தோசையும் அதன் மந்தம் போக எலுமிச்சை ஊறுகாயும் சாப்பிட்டுவந்தார். அழுத்தம் குறையவில்லை என்று என்னிடம் வந்து வாழைத்தண்டின் மீது புகார் கொடுத்தார். எதையாவது சேர்க்கச் சொன்னால் நம் மக்கள் மகிழ்ச்சியாகச் சேர்ப்பார்கள். எடுக்கச் சொன்னால்தான் நம்மைச் சொத்தை எழுதிக் கேட்டவர்போலப் பார்ப்பார்கள்.

உப்பைக் குறை, காய்கறியைக் கூட்டு, நட, உடம்பை இளை, குடியை விடு, தூங்கு. உணவாலும் பழக்கத்தாலும் அழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் வித்தை பெரும்பாலும் இவ்வளவுதான். மாத்திரை சாப்பிடுபவருக்கும் இது உதவும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. அதனாலேயே இதற்கு மரியாதையும் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் சேவூரிலிருந்து சம்பத் வந்தார்.

சம்பத் குழித்தறி நெசவாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். காலையில் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுவார். வாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் இருக்கும். ஒரு நாள் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி, தறியில் இருந்த கல்யாணப் புடவை தப்பித்ததே என்று முதலாளி நிம்மதி அடைந்த பிறகு, மனைவி அலமேலு அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்து வந்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பிறகு, எந்த நல்ல நேரமோ, அவர்களை என்னிடம் அனுப்பினார்.

"சாப்பாட்டு விஷயமெல்லாம் அந்தம்மாவைக் கேளுங்க. எனக்குக் கும்பல் நிக்குது" என்றாராம்.

நான் வழக்கமான பாட்டை ஆரம்பித்தேன். பூண்டு சேர்த்துக்கொள்ளலாம், கீரை சேர்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அலமேலு குறுக்கிட்டாள்.

"இன்னா இன்னா சேக்கணும்னு அப்புறம் சொல்லுங்கம்மா. இன்னா இன்னா எடுக்கணும்னு மொதல்ல சொல்லுங்க."

என் பணிக்காலம் முழுவதிலும் இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவள்தான். அங்கேயே யோசித்துத்தான் பதில் சொன்னேன். கேட்கப்படாத கேள்விக்கு யார் பதிலைத் தயாராக வைத்திருப்பார்கள்?

ஊறுகாய், கருவாடு, அப்பளம், வடகம், மிக்சர் எல்லாம் நிற்கட்டும். சமையலில் உப்பு பாதியாகி, பிறகு அதிலும் பாதியாகட்டும். வீட்டில் எல்லோரும் அதையே சாப்பிடுங்கள், அவருக்கு மட்டும் தனியாக வைத்தால் அவர் திருடித் தின்பார் என்றேன். சம்பத் என்னை முறைத்தார். காலையில் வயல் பக்கம் நடக்கவும் புகையிலையை விடவும் சொன்னேன். நடப்பதற்குத் தலையாட்டினார். புகையிலை என்றதும் அவருக்குக் காது கேட்கவில்லை.

அலமேலு ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரரின் ரத்த அழுத்தம் என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. எலுமிச்சை, மிளகு, கொத்தமல்லி, பூண்டு என்று உப்பு இருந்த இடத்தை எதை எதையோ வைத்து நிரப்பிச் சமைத்தாள். இரண்டு மாதத்தில் சம்பத்தின் அழுத்தம் நன்றாக இறங்கியது. என் மாத்திரை வேலை செய்கிறது என்றார் பக்கத்து அறை டாக்டர். உணவே மருந்து என்று என் அறையில் நான் சொன்னேன். அலமேலுவுக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

கார்த்திகையில் சம்பத் மலைக்கு மாலை போட்டார். நாங்கள் இருவர் சொல்லியும் விடாத புகையிலையை மாலைக்காக விட்டார். மாலையைக் கழற்றிய பிறகும் தொடவில்லை. நான் பாராட்டினேன், டாக்டர் கை கொடுத்தார், முதலாளி வேட்டி எடுத்துக் கொடுத்தார். ஊரில் சாதனைகளுக்குப் பஞ்சமான வருடம் அது.

அதற்குப் பிறகுதான் அழுத்தம் ஏற ஆரம்பித்தது.

மாசியில் கொஞ்சம் ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். பங்குனியில் இன்னும் ஏறியது. நீர் பிரியும் மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். அப்போதும் பாதரசம் இறங்க மறுத்தது. புகையிலையை விட்டதுதான் தப்பு, அது இத்தனை நாள் ரத்தத்தை அடக்கி வைத்திருந்தது என்று சேவூரில் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளியானது. பக்கத்து அறை டாக்டருக்கு என் மீது சந்தேகம். எனக்குத் தெரியாமல் ஏதாவது சூரணம் கொடுக்கிறீர்களா என்று நேராகவே கேட்டார். உங்கள் மாத்திரை சுண்ணாம்புக் கட்டியாக இருக்கும் என்று நானும் நேராகவே சொன்னேன். இப்படிக் கொஞ்ச நாள் மருத்துவம் நடந்தது.

பிறகு இரண்டு அறைக்கும் பொதுவாக ஒரு குற்றவாளி கிடைத்தாள்.

சம்பத்தின் அக்கா சரோஜா களம்பூரில் இருந்தார். கணவருக்கு அரிசி ஆலையில் வேலை. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்றதும் பஸ் ஏறி வந்து, தம்பியையும் தம்பி மனைவியையும் அழைத்துக்கொண்டு என் அறைக்கே வந்துவிட்டார்.

"டாக்டரம்மா, இவ சொல்றதயெல்லாம் நம்பிகினு இருக்கீங்களே. உப்பு இல்லாத சோத்த என் தம்பி துன்னுவானா? சின்ன வயசுல உப்பு பத்தலன்னா தட்ட தூக்கி வாசல்ல எறிவான். இவ அவன் மனசு கோணக்கூடாதுன்னு திருட்டுத்தனமா போட்டுகினு வரா."

"இப்ப எறியறது இல்ல அண்ணி" என்றாள் அலமேலு. "அதே சோத்த நானும்தான் துன்றேன்."

"கேட்டீங்களா பேச்ச!"

சம்பத் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிய ஆண்கள் பார்ப்பதற்கென்றே எல்லா மருத்துவமனைகளிலும் சுவர்கள் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து அறை டாக்டரும் எட்டிப் பார்த்து, "வீட்டுல யாரோ உப்பு போடறாங்க. இல்லன்னா இவ்ளோ மாத்திரைக்குக் கேக்காம இருக்காது" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் மிகுந்த அனுபவத்தோடு அலமேலுவின் பக்கம் குனிந்து, "மறைக்காம சொல்லும்மா, நான் திட்ட மாட்டேன்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களுமாம்மா?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து வெளியே போய்விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் தூக்குப் பாத்திரத்தோடு வந்தாள். சோறு, பருப்புக் குழம்பு, புடலங்காய்க் கூட்டு. என் மேசையில் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் சாப்ட்டுப் பாருங்க" என்றாள். டாக்டரையும் கூப்பிட்டேன். அவர் ஒரு வாய் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்தாலே தெரிந்தது, அதில் உப்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் படித்தவர் அவ்வளவு எளிதில் தோற்பாரா?

"இது நமக்குக் காட்டறதுக்குன்னு செஞ்சதா இருக்கலாம்" என்றார்.

அலமேலு பாத்திரத்தை மூடினாள். "செரிங்க சார்" என்றாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் பக்கம் வரவில்லை. சம்பத் மட்டும் மாத்திரை வாங்க வந்து போனார்.

சித்திரையில் முகூர்த்தப் புடவைகள் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், சேவூரிலிருந்து ஒருவர் டிவிஎஸ் வண்டியில் வியர்த்து விறுவிறுத்து வந்தார். சம்பத் அண்ணனுக்குக் கால் விழுந்துவிட்டது, குழியிலிருந்து எழ முடியவில்லை, ஜல்தி வாங்கம்மா என்றார். பக்கத்து அறை டாக்டர் அன்று விடுப்பில் வேலூரில் வீட்டில் இருந்தார். நான் புடவையைச் செருகிக்கொண்டு வண்டியின் பின்னால் ஏறினேன். வழி நெடுக ஊர் பார்த்தது. பார்க்கட்டும்.

வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. உள்ளே தெருவே கூடியிருந்தது. சம்பத்தைக் குழியிலிருந்து தூக்கிப் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் சரோஜா. காலடியில் அலமேலு, பாதத்தைத் தேய்த்துக்கொண்டு.

"வாதம் அடிச்சிருச்சும்மா" என்றார் சரோஜா. "எண்ணெய் ஊத்திக் கட்டு போடற ஊருக்கு வண்டி பேசிட்டேன். உங்க வைத்தியம்தான அது. நீங்களும் கூட வந்துட்டா தெம்பா இருக்கும்."

தெருவே என்னைப் பார்த்தது. நாட்டு வைத்தியம் படித்தவள், நாட்டு வைத்தியத்துக்குத்தானே ஆமாம் சொல்வாள்? அந்த இடத்தில் ஆமாம் என்பதைப்போல எளிய சொல் வேறு இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு மாலை கூடப் போட்டிருப்பார்கள். உங்களுக்கும் இப்படி ஒரு மத்தியானம் வரும். அப்போது யார் பக்கம் நிற்பது என்று யோசிக்காதீர்கள். முதலில் குனிந்து நோயாளியைப் பாருங்கள்.

பார்த்தேன். முகம் கோணவில்லை. பேச்சு குழறவில்லை. வாதம் என்றால் பெரும்பாலும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அடிக்கும். இங்கே இரண்டு காலும் ஒரே மாதிரி துவண்டிருந்தன. கைப்பிடியும் தளர்ந்திருந்தது. அழுத்தம் மிக அதிகம். நாடியைப் பிடித்தால் அது நடுநடுவே ஒரு துடிப்பை விட்டுவிட்டு ஓடியது.

"இன்னிக்கி இன்னா சாப்ட்டீங்க?" என்றேன்.

"அவ போட்டத்தான்மா" என்றார் சம்பத். பேசும்போது வாயிலிருந்து ஏதோ மஞ்சளாக ஒட்டிக்கொண்டு வந்தது. மரநார் மாதிரி இருந்தது. திரும்பித் தறிக்குழியின் ஓரத்தைப் பார்த்தேன். முன்பு வெற்றிலை எச்சில் துப்பிய பித்தளைப் பாத்திரத்தில் இப்போது மென்று போட்ட மஞ்சள் நார் குவிந்து கிடந்தது.

"இது இன்னாது?"

"அதிமதுரம்மா." அந்த நிலையிலும் குரலில் கொஞ்சம் பெருமை. "பொகையில வுட்டேன்ல. வாயி சும்மா இருக்க மாட்டேங்குது, ஒரே பேஜாரு. நாட்டு மருந்துக் கடையில குச்சி வாங்கிக் கடிச்சிகினு இருக்கேன். தொண்டைக்கும் நல்லதுன்னாங்க. இயற்கைதானம்மா."

"எவ்ளோ நேரம் கடிப்பீங்க?"

"தறியில குந்தினா வாயில இருக்கும்."

"சாறு?"

"முழுங்கிடுவேன். தித்திப்பா இருக்குமில்ல."

அதிமதுரம் நம் அலமாரியில் இருக்கும் சரக்குதான். இருமலுக்கும் தொண்டைக்கட்டுக்கும் நாமே கொடுப்பதுதான். கல்லூரியில் எங்களுக்கு மருந்துச் சரக்குகள் நடத்திய பேராசிரியை ஒருவர், 'தித்திப்பா இருக்கேன்னு மாசக்கணக்கா கொடுத்துடாதீங்க, உடம்புல நீரைக் கட்டி வெச்சிக்கும், ரத்தக் கொதிப்பை ஏத்தும்' என்று அடிக்குரலில் சொல்லிவிட்டு அடுத்த சரக்குக்குப் போய்விட்டார். தேர்வில் வராது என்பதால் வகுப்பில் யாரும் நிமிரவில்லை. எனக்கு அழுத்தம் ஏறிய கதை அந்த நொடியில் விளங்கிவிட்டது. கால் ஏன் விழுந்தது, நாடி ஏன் தடுமாறுகிறது என்பது விளங்கவில்லை. விளங்காததை எண்ணெயால் தேய்த்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

"வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே" என்றேன்.

சரோஜா கொதித்துவிட்டார். "இங்கிலீஷ் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு உங்கள எதுக்கும்மா கூப்டணும்? உங்க வைத்தியத்து மேல உங்களுக்கே நம்பிக்க இல்லியா?"

"இது நம்பிக்கை பாக்கற நேரம் இல்லம்மா. நாடி நிக்குது, ஓடுது. எண்ணெய் கட்டப் போனா வழியிலயே நெஞ்சு நின்னுடலாம்."

"எத்தினி பேரு எண்ணெய் கட்டி நடந்து வந்திருக்காங்க தெரியுமா?" என்றார் கூட்டத்தில் ஒருவர். ஆமாம் ஆமாம் என்று நாலு குரல். நடந்து வராதவர்கள் அந்தக் கூட்டத்தில் பேச வரவில்லை.

சம்பத்தின் கண்கள் அலமேலுவைத் தேடின. அவள் பாதத்தைத் தேய்ப்பதை நிறுத்தினாள். எழுந்து என் முன்னால் வந்து நின்றாள்.

"அன்னிக்கி நீங்க என்னிய நம்பல" என்றாள். "இன்னிக்கி நான் உங்கள நம்பறேன். வண்டியில ஏறுங்க."

வேன் கிளம்பும்போது அதிமதுரக் குச்சிகளை ஒரு துணியில் முடிந்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆரணியைத் தாண்டுவதற்கு முன் ஓர் எஸ்டிடி பூத்தில் வண்டியை நிறுத்தி, பக்கத்து அறை டாக்டரின் வீட்டுக்குப் பேசினேன். இரண்டு காலும் விழுந்திருக்கிறது, நாடி தடுமாறுகிறது, மாதக்கணக்கில் அதிமதுரம் மென்றிருக்கிறார் என்றேன். வழக்கமான கிண்டலுக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

"நான் படிச்ச புக்குல ஒரு ஓரத்துல இருந்துச்சு" என்றார் மெதுவாக. "வெளிநாட்டுல இந்த வேர்ல கறுப்பா ஒரு மிட்டாய் செய்வாங்க. அத அளவில்லாம தின்னவங்களுக்கு பிரஷர் ஏறும், பொட்டாசியம் எறங்கும். எறங்கினா தசை தளரும், இதயம் தடுமாறும். கூடவே என்னோட நீர் மாத்திரையும் சேந்து எறக்கியிருக்கு. நான் ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன், நீங்க நேரா வாங்க."

'என்னோட' என்ற சொல்லை ஒரு பழியோடு சேர்த்து அவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர் மீது கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. மிகச் சங்கடமான உணர்ச்சி அது.

வேலூரில் ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். சரோஜா, அலமேலு, நான், சொன்னபடி வந்துவிட்ட பக்கத்து அறை டாக்டர் எல்லோரும் வராந்தாவில் நின்றிருந்தோம். ஓர் இளம் டாக்டர் வேகமாக வெளியே வந்தார்.

"சம்பத்தோட ஆளுங்க யாரு? பயப்படாதீங்க, நேரத்துக்குக் கொண்டாந்துட்டீங்க. உடம்புல உப்பு ரொம்பக் கொறஞ்சி போச்சு, அதான். ஊசி வழியா ஏத்தறோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த ஒரு சொல்லை வேறு சொல்லாக அவர் சொல்லியிருக்கலாம்.

"கேட்டீங்களா!" என்று சரோஜா மார்பில் அடித்துக்கொண்டார். "உப்பு கொறஞ்சி போச்சாம்! உப்பே போடாம போட்டு என் தம்பி கால மொடக்கிட்டாளே, பாவி!"

போன மாதம் உப்பு போட்டதற்காகக் குற்றவாளியாக நின்றவள், இந்த மாதம் போடாததற்காக நின்றாள். அலமேலு தூணில் சாய்ந்தபடி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள். அழுகையை விட மோசமாக இருந்தது அது.

"போட்டாலும் நான்தான், போடலன்னாலும் நான்தான்" என்றாள். "சட்டியில போடறத வுட்டுட்டு இனிமே என்னிய எடுத்து அடுப்புல போட்டுருங்க அண்ணி."

பக்கத்து அறை டாக்டர் முன்னால் வந்தார். சரோஜாவிடம் பேசினாலும் பார்வை அலமேலு மீதுதான் இருந்தது.

"இது சோத்துல போடற உப்பு இல்லம்மா. பொட்டாசியம்னு வேற உப்பு. கீரையில, இளநீர்ல, வாழைப்பழத்துல இருக்கறது. அந்த அதிமதுரக் குச்சி இந்த உப்ப வெளிய தள்ளிட்டு, சோத்து உப்ப உடம்புக்குள்ளயே பூட்டி வெச்சிருக்கு. இவங்க கொறச்சி சமைச்சதால தான் இவ்ளோ நாள் தாங்கியிருக்காரு. இல்லன்னா எப்பவோ நரம்பு வெடிச்சிருக்கும்."

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "அன்னிக்கி நீங்க கொண்டாந்த கூட்டுல உப்பு இல்லம்மா. எனக்குத் தெரிஞ்சிது" என்றார்.

நானும் கேட்டுவிட்டேன். "என்னையும் மன்னிச்சிடு அலமேலு" என்றேன்.

"மொதல்ல அவரு காலு எழும்பட்டும்மா" என்றாள்.

எழும்பியது. சில நாட்களில் சம்பத் சுவரைப் பிடித்து நடந்தார். பிறகு பிடிக்காமல் நடந்தார். அதிமதுரம் உடம்பை விட்டு இறங்கச் சில வாரங்கள் ஆயின. அதோடு அழுத்தமும் இறங்கியது. டாக்டர் ஒவ்வொரு மாத்திரையாகக் குறைத்து, கடைசியில் சின்னதாக ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். அலமேலுவின் சமையலும் காலை நடையும் சேர்ந்து, அந்தச் சின்ன மாத்திரையே போதுமென்று ஆக்கிவிட்டன. அதையும் விட்டுவிட்டு முழுக்க இயற்கைக்கே போய்விடலாமா என்று சம்பத் என்னைக் கேட்டார். இயற்கை அவருக்குச் செய்த உபசாரம் இன்னும் போதவில்லை போலும். அந்த மாத்திரையை நானே எடுத்து அவர் கையில் வைத்தேன். மெல்லுவதற்கு என்ன செய்வது என்றார். வறுத்த தனியா கொடுத்தேன். மாடு மாதிரி இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டே மென்றார்.

அதற்குப் பிறகு பக்கத்து அறை டாக்டரும் நானும் நண்பர்களாகிவிட்டோம் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. அவர் கடைசிவரை கஷாயக் கடை என்றுதான் சொன்னார். ஆனால் அழுத்தம் என்று யார் வந்தாலும், என்ன சாப்பிடுகிறாய் என்பதோடு நிறுத்தாமல், எதை விட்டாய், விட்ட இடத்தில் எதை வைத்தாய் என்று இரண்டு அறையிலும் கேட்க ஆரம்பித்தோம். அந்தக் கேள்விக்கு வந்த பதில்களை இங்கே எழுதினால் உங்களுக்கு இந்தத் தொழிலே வேண்டாம் என்று தோன்றிவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். சம்பத் கதை ஊரில் பரவிய சில வாரங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "எனக்கு லோ பிரஷரும்மா, அதிமதுரம் நல்லா ஏத்துமாமே, எவ்ளோ கடிக்கலாம்?" என்றார்.

ஒரு நோயாளி தேறாதபோது உங்கள் மருந்தைச் சந்தேகியுங்கள், பக்கத்து அறை மருந்தைச் சந்தேகியுங்கள், நோயாளியின் வாயைத் திறந்தும் பாருங்கள். அதெல்லாம் முடிவதற்கு முன்னால் சமைத்துப் போடுகிறவளைக் கூண்டில் ஏற்றாதீர்கள். அவள் அருகில் இருப்பதால் எளிதில் கிடைத்துவிடுகிறாள், அவ்வளவுதான்.

அந்த வருடம் தீபாவளி கழிந்து, சரோஜா என் அறைக்குத் தனியாக வந்தார். தலை கிறுகிறு என்கிறது என்றார். கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தேன். தம்பி வந்த முதல் நாளை விட ஒரு படி மேலே இருந்தது.

பக்கத்து அறைக்கு அனுப்பி மாத்திரை எழுதி வாங்கிவரச் சொன்னேன். திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, என் காதருகே குனிந்தார். "மாத்திர கிடக்கட்டும்மா. சாப்பாட்டுல இன்னா செஞ்சா கொறையும்னு சொல்லுங்க. களம்பூர்ல யாருக்கும் தெரிய வேணாம்."

"மாத்திரை கிடக்கக் கூடாது, வயித்துக்குள்ள போகணும். சாப்பாடு நான் சொல்லிப் புரியாது. நல்லாத் தெரிஞ்சவங்க சேவூர்ல இருக்காங்க. அங்க கொஞ்ச நாள் தங்கிப் பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. நான் இரக்கப்படவில்லை. என் பணிக்காலத்தில் நான் மிக விரும்பி எழுதிய மருந்துச் சீட்டு அதுதான்.

சரோஜா சேவூருக்குப் போய் அங்கே தங்கியிருந்தார். பிறகு ஒரு நாள் அலமேலு சம்பத்துக்கு மாத்திரை வாங்க வந்தபோது, எனக்கு ஆவல் தாங்கவில்லை.

"அண்ணி எப்படி இருக்காங்க?"

"மொத நாளு ஒரு வாய் வெச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துகினு இருந்தாங்கம்மா. 'உப்பே இல்லியே அலமேலு'ன்னாங்க. 'இருக்குது அண்ணி, நாக்குக்குத் தெரிய கொஞ்ச நாள் ஆவும்'னு சொன்னேன்."

"அவங்க பேசினதுக்கெல்லாம் ஏதாவது சொன்னாங்களா? மன்னிச்சிக்கோ, கின்னிச்சிக்கோன்னு?"

அலமேலு மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"அதெல்லாம் சொல்லத் தெரியாதும்மா அவங்களுக்கு" என்றாள். "நேத்து மத்தியானம் ரெண்டாவது வாட்டி சோறு கேட்டாங்க. தட்டுல ஒரு பருக்க மிச்சம் வெக்கல."